நெல் கடிக்கிற பல்

காளிச்சாமி ஒரு நெல்லை எடுத்து வாயில் போட்டுவிட்டால், மில் முற்றத்தில் அதுவரை சளசளவென்று கேட்டுக்கொண்டிருந்த பேச்சு சற்று அடங்கும். வண்டிக்காரர்கள் மாட்டைத் தட்டிக் கொடுப்பதை நிறுத்துவார்கள். மூட்டைக்குச் சொந்தக்காரர் மட்டும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

கோவிந்தாபுரத்திலிருந்து கொல்லங்கோட்டுக்குப் போகிற சாலையில் இருந்தது ரத்தினசாமியின் அரிசி மில். சுற்று வட்டாரத்து நெல்லெல்லாம் அங்கேதான் வந்து இறங்கும். வந்த நெல் காய்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது காளிச்சாமியின் வேலை. மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டு, அடியிலிருந்து நாலு மணிகளை எடுப்பார். ஒன்றை வலது பக்கக் கடைவாயில் வைத்து மெல்ல அழுத்துவார். நறுக்கென்று இரண்டாக முறிந்தால் "ஏத்துங்க" என்பார். மூட்டை உள்ளே போகும். நசுங்கிக்கொண்டு உடைந்தால் "களத்துக்கு" என்பார். வந்தவர்கள் மில்லின் களத்திலேயே நெல்லைக் கொட்டி மறுபடி காய வைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில், மனசில்லாமல் முறிகிற நெல்லும் உண்டு. அதற்கு "அரை நாள்" என்பார்.

காலையில் முதல் மணியைக் கடிப்பதற்கு முன் கண்ணை மூடி, "தாயே, வாயில தப்பு வரக் கூடாது" என்று தன் ஊர் அம்மனை வேண்டிக்கொள்வது அவர் வழக்கம். ஈர நெல்லைத் தெரியாமல் உள்ளே விட்டால் குதிருக்குள் சூடேறிப் பழுத்துவிடும். காய்ந்த நெல்லை ஈரமென்று சொன்னால், வெயிலில் நின்று உழைத்தவர்களை மறுபடி வெயிலில் நிறுத்திய பாவம் வரும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது தன்னுடைய ஒரு கடைவாய்ப் பல் என்று அவர் மனதார நம்பினார். இடது பக்கத்துக் கீழ்ப் பற்கள் எப்போதோ விழுந்துவிட்டன. மிச்சம் வலது பக்கம்தான்.

அந்தப் பல்தான் ஆவணி மாதத்தில் ஒருநாள் உடைந்தது. நெல்லோடு நெல்லாக வந்த ஒரு கல், பல்லின் பாதியைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. கன்னிக் கொய்த்து என்கிற புரட்டாசி அறுவடை தொடங்க ஒரு மாதம்கூட இல்லை.

"சோறு திங்கறதுக்கு ஒரு வழி பண்ணிக்கலாம் புள்ள. நெல்லு வந்து நின்னா நான் என்ன சொல்லுவேன்?" என்று மனைவி வள்ளியாத்தாளிடம் புலம்பினார்.

"பொலம்பினா பல்லு மொளைக்குமா? கெளம்புங்க, பாலக்காட்டுக்குப் போலாம்" என்றாள் அவள்.

பாலக்காட்டில் பல் வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் சிவராமகிருஷ்ணன் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். நெற்றியில் விபூதி, மேலே வெள்ளைக் கோட்டு. காளிச்சாமியின் வாயை விளக்கு வைத்துப் பார்த்தவர், உடைந்த பல்லைச் சுற்றி ஈறை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"பிடுங்கணும்னா இப்பவே ஆயிடும். ஆனா வேண்டாம்னாக்கும் எனக்குத் தோண்றது. மேலே உடைஞ்சிருக்கே ஒழிய வேர் நன்னா இருக்கு. ஒரு பண்டத்தைக் கடிச்சா இது கெட்டி, இது மெத்துன்னு நமக்குத் தெரியறதே, அது வேரைச் சுத்தி இருக்கற உணர்ச்சி. பிடுங்கிட்டா அது போயிடும். வெப்புப் பல்லுன்னு பொய்ப்பல்லு வெச்சுண்டா மெல்லலாம், தெரியாது. வேர் இருக்கட்டும், மேலே ஒரு தொப்பி போட்டுடலாம்."

"பல்லுக்குத் தொப்பிங்களா? எனக்கே தொப்பி இல்லீங்களே சாமி!" என்றார் காளிச்சாமி. டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் காளிச்சாமியின் பயம் பாதி போயிற்று.

"தங்கத்துல தொப்பி பண்ண ரெண்டு வழி இருக்கு. தட்டிப் பண்றது ஒண்ணு, வார்த்துப் பண்றது ஒண்ணு."

"வார்ப்புங்களா?" வள்ளியாத்தாள் திடுக்கிட்டாள். "கோயில் சத்யை விருந்துக்குப் பாயசம் காச்சற வார்ப்பா? அத்தாச்சோடு பாத்திரத்தை இவுங்க வாயில எப்படிங்க வெப்பீங்க?"

"அந்த உருளியில்லே அம்மா! தங்கத்தை உருக்கி அச்சுல விடறது. அதைத்தான் வார்க்கறதுன்னு சொன்னேன்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார். தட்டிப் பண்ணுவதென்றால், பல்லை அளவெடுத்து அதே போல ஓர் உலோக அச்சு செய்து, மெல்லிய தங்கத் தகட்டை அதன்மேல் வைத்து அழுத்தித் தட்டிப் படிய வைப்பார்கள். சீக்கிரம் ஆகிவிடும், பல்லையும் அதிகம் ராவித் தேய்க்க வேண்டாம். வார்த்துப் பண்ணினால் தொப்பி தடிமனாக இருக்கும். ஓரமெல்லாம் பல்லோடு ஒட்டிப் பிடிக்கும். ஆனால் பல்லை இன்னும் கொஞ்சம் ராவ வேண்டும், நாளும் பிடிக்கும். "வெள்ளைப் பிளாஸ்டிக்கிலயும் உண்டு. முன்பல்லுக்குப் பார்க்க அழகா இருக்கும். கடைவாயில வெச்சா தேய்ஞ்சு போயிடும்."

வள்ளியாத்தாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு தங்கக் காசை மேசையின்மேல் வைத்தாள். அவளுடைய தாய் வீட்டுக் காசு. சொக்கத் தங்கம். "இதுல செய்யுங்க."

"பேஷாப் பண்ணலாம். தட்டறதுக்கு இதுவே போறும். வார்க்கறதானா இதோட கொஞ்சம் செம்பும் வெள்ளியும் சேர்க்கணும்."

"செம்பா?" அவள் காசை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "தெனமும் விடிஞ்சா சாமி பேரு சொல்ற வாயிங்க அது. அதுக்குள்ள கலப்படம் வேணாமுங்க. தட்டியே செஞ்சிருங்க."

டாக்டருக்கு அந்தப் பக்தி பிடித்திருந்தது. ஒரு நல்ல மனசின் ஆசையை எதற்காக மறுக்க வேண்டும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். "கடிக்கறதுக்கு ஒரு குறையும் வராது. முறுக்கு, கரும்பு மட்டும் சித்தெ பார்த்துக் கடியுங்கோ" என்றார்.

"கடிச்சாத் தெரியுமுங்களா?" என்று கேட்டார் காளிச்சாமி.

"தெரியாம என்ன? நன்னாத் தெரியும்."

இரண்டு பேரும் 'கடிக்கிறது' என்ற ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். டாக்டர் சோற்றை நினைத்தார். காளிச்சாமி நெல்லை நினைத்தார். நெல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நடக்கிறவன் செருப்புத் தைக்கக் கொடுக்கும்போது, இது நடப்பதற்கு என்று சொல்லியா கொடுக்கிறான்?

புரட்டாசி பிறந்தது. தொப்பி போட்ட பல்லோடு காளிச்சாமி மில் முற்றத்தில் வந்து நின்றார். வாயைத் திறந்தால் உள்ளே மஞ்சளாக மின்னும். வண்டிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து வாய்க்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"சிரிங்கண்ணா, சிரிங்க! வெளிச்சம் பத்தலே, மூட்டை தெரியலே!"

"போடா, போயி மாட்டை அவுத்துக் கட்டு" என்று சொல்லிக்கொண்டே காளிச்சாமியும் சிரித்தார். அம்மனை வேண்டிக்கொண்டு முதல் மணியைக் கடித்தார். நெல் முறிவதற்கு முன் ஒரு கணம் மெத்தென்று அமுங்கியது. "களத்துக்கு" என்றார். அடுத்த வண்டி. அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

முதல் நாள் சாயந்திரத்துக்குள் களம் நிறைந்துவிட்டது. மறுநாள் கால் வைக்க இடமில்லை. எல்லோருக்கும் ஆச்சரியம். மழை பெய்யாத புரட்டாசி அது. ஆனாலும் இத்தனை வருஷமாகத் தப்பாத வாய் சொல்கிறதே என்று, ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. முணுமுணுப்பு மட்டும் இருந்தது.

"தங்கப் பல்லு வெச்சதுல இருந்து அண்ணனுக்குக் கல்லும் ஈரமாத்தான் இருக்குதாமா" என்று யாரோ சொன்னது காளிச்சாமியின் காதில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் ஒரு முள் ஏறியது.

மீனாட்சிபுரத்துப் பக்கத்திலிருந்து சரஸ்வதியம்மாள் இரண்டு வண்டி நெல் கொண்டுவந்திருந்தாள். புருஷன் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். வயலைப் பார்த்துக்கொண்டது அவள்தான். முந்தின நாள் அவளுடைய நெல்லையும் அவர் களத்துக்கு அனுப்பியிருந்தார். அவள் ஒரு பகல் முழுக்கக் காய வைத்து, வாரிக் கட்டி, மறுபடி முன்னால் கொண்டுவந்து வைத்தாள். காளிச்சாமி கடித்தார். மெத்தென்று அமுங்கியது.

"களத்துக்கு, அம்மிணி."

அவள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவருக்கு அருகில் வந்து நின்றாள். மடியிலிருந்து எதையோ எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். வறுத்த புளியங்கொட்டை.

"ஏனுங்ணா, இதை ஒருக்கா அந்தப் பல்லுல வெச்சுப் பாருங்க" என்றாள், அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி.

காளிச்சாமி வாயில் போட்டு அழுத்தினார். இரும்பு மாதிரி இருக்க வேண்டிய கொட்டை, முதலில் மெத்தென்று அமுங்கிவிட்டு அப்புறம்தான் உடைந்தது.

"இதையும் களத்துல போட்டுக் காய வெக்கோணுங்களா?" என்றாள் அவள். குரலில் கேலி இருந்தது, கண்ணில் இல்லை.

அவர் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்ததும் அவள் சட்டென்று திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்: "சரிங்ணா, அடி மூட்டைல கொஞ்சம் பதம் இருக்கும்போலத்தான் இருக்குது. இன்னொரு நாளு காய வெச்சுட்டே வாரேன்." மூட்டையைத் தானே களத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

தன் நெல் காய்ந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். முற்றத்தில் நின்று நாலு வார்த்தை சத்தம் போட்டிருந்தால் நியாயம் அவள் பக்கம்தான். ஒரு மனுஷனுடைய பேரைக் காப்பாற்ற ஒரு நாள் வெயிலைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு போகிறாள். கடவுள் சில சமயம் கோயிலுக்குள் இருந்து பேசுவதில்லை. இப்படி யார் மடியிலிருந்தாவது ஒரு புளியங்கொட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்.

காளிச்சாமி நேராக ரத்தினசாமியிடம் போனார்.

"மொதலாளி, என்ற பல்லு பொய் சொல்லுதுங்க. ரெண்டு நாளா நல்ல நெல்லையெல்லாம் ஈரம்னு சொல்லிப் போட்டேன். எல்லாத்தையும் உள்ள எடுத்துக்கச் சொல்லுங்க."

ரத்தினசாமி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "சரி உடு. காஞ்ச நெல்லு இன்னுங் கொஞ்சம் காஞ்சா கெட்டா போயிரும்?"

"அரைக்கறப்ப நொறுங்குமுங்க. அதுவுமில்லாம, குனிஞ்சு வாரினவிங்க இடுப்பு கெட்டதுதானுங்களே."

முதலாளி அவரை ஒரு கணம் பார்த்தார். கோபித்துக்கொள்ளப் போகிறார் என்றுதான் காளிச்சாமி நினைத்தார். "நீயே வந்து சொன்னியே, அது போதும். நான் கையில தேச்சுப் பாத்துச் சமாளிச்சுக்கறேன். சந்தேகமானதை நீ வர்ற வரைக்கும் ஓரமா வெச்சுக்கறேன். நீ போயிப் பல்லைச் சரி பண்ணீட்டு வா" என்றார். அன்று களத்திலிருந்த நெல்லெல்லாம் உள்ளே போயிற்று.

மறுநாள் காளிச்சாமியும் வள்ளியாத்தாளும் மறுபடி பாலக்காட்டுக்குப் போனார்கள். டாக்டர் தொப்பியைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஒருமுறை துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இதென்ன, அம்மை வார்த்தாப்ல குழிகுழியா இருக்கு? என்னத்தைக் கடிச்சேள்?"

"நெல்லுங்க."

"நெல்லா? நெல்லை எதுக்கு ஐயா கடிக்கறேள்? அரிசியாக்கிச் சாதமா வெச்சுச் சாப்பிடப்படாதோ?"

காளிச்சாமி தன் வேலையைச் சொன்னார். டாக்டர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இதை அன்னிக்கே சொல்லப்படாதா?"

"நீங்க கேக்கலீங்களே."

"ஆமாம், கேக்கலே." டாக்டர் தன் நெற்றியில் தட்டிக்கொண்டார். "வாயைத் திறன்னு சொல்லத் தெரிஞ்சது, அந்த வாயால என்ன பண்றேள்னு கேக்கத் தெரியலே. தப்பு என்னோடதாக்கும்." பின்பக்கத்து அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அமிர்தநாதா, இங்கே வா! உன் தொப்பியிலே நெல்லு விதைச்சிருக்கா, பாரு!"

பல் செய்கிற அமிர்தநாதன் கையில் ஒட்டிய மெழுகோடு வந்தார். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர். கழுத்தில் மெல்லிய சிலுவை. குழிகளைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "சொக்கத் தங்கமுங்க, மெல்லிசுத் தகடு. நெல்லு ஓடு முறியறதுக்கு முன்னால தங்கம் குழிஞ்சு குடுத்துருது. அதனாலதான் இவருக்கு மெத்துனு தோணுது. வார்த்துத்தானுங்க செய்யோணும்."

"கலப்படம் வேணாம்னேனே" என்றாள் வள்ளியாத்தாள். குரல் முன்பு போல உறுதியாக இல்லை. தன் பக்தி போய் ஊரார் நெல்லைக் களத்தில் காய வைத்துவிட்டதே என்று வரும் வழியெல்லாம் அவள் மனசுக்குள் அழுதுகொண்டு வந்திருந்தாள். "எப்படிங்க வார்ப்பீங்க? அதையாச்சும் சொல்லுங்க."

அமிர்தநாதன் கையிலிருந்த மெழுகைக் காட்டினார். "மொதல்ல இந்த மெழுகுலயே பல்லு மாதிரி ஒண்ணு செஞ்சுக்குவோம். அதைச் சுண்ணாம்பு மாதிரி ஒரு மாவுக்குள்ள புதைச்சுக் காய விட்டு, சூளைல வெப்போம். மெழுகு உருகி எரிஞ்சு போயிரும். அது இருந்த எடம் குழியா நிக்கும். அந்தக் குழிக்குள்ள, செம்பும் வெள்ளியும் சேத்து உருக்கின தங்கத்தை விடறதுங்க."

வள்ளியாத்தாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இது சாமி செலை செய்யற வேலையாச்சுங்களே! எங்க அம்மனுக்குப் புதுசா செலை வார்த்தப்ப நாங்க போயிப் பார்த்தோம். மெழுகுலதான் மொதல்ல அம்மனைச் செஞ்சாங்க."

"அதே வேலைதானுங்கம்மா. செலை பெருசு, பல்லு சிறுசு."

அவள் யோசித்தாள். உதடுகள் எதையோ எண்ணுவது போல அசைந்தன. "அது ஐம்பொன்னு. செம்பு, பித்தளை, ஈயம் எல்லாம் போட்டாங்க. நான்கூட என்ற தோட்டுத் திருகைக் கழட்டி அதுக்குள்ள போட்டேன்." சற்று நிறுத்தி, மெதுவாகச் சொன்னாள்: "அம்மனே கலந்துதான் நிக்கறா. இவுங்க பல்லு பெருசா? கலந்துக்குங்க தம்பி."

டாக்டர் கைகூப்பினார். அவளுக்கா, அம்மனுக்கா என்று காளிச்சாமிக்குத் தெரியவில்லை.

பழைய தொப்பியை அறுத்து எடுத்து, அதே தங்கத்தைத்தான் உருக்கினார்கள். பல்லை இன்னும் கொஞ்சம் ராவி, மறுபடி அளவெடுத்தார்கள். அடுத்த வாரம் வரும்போது மூன்று சிறு துணி முடிச்சுகளில் நெல் கொண்டுவரும்படி டாக்டர் சொல்லியிருந்தார். ஒன்று நன்றாகக் காய்ந்தது, ஒன்று அரை நாள் காய வேண்டியது, ஒன்று ஈரம். வள்ளியாத்தாள் அவற்றைத் தானே பார்த்துக் கட்டி, எது எதுவென்று டாக்டரிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னாள்.

புதுத் தொப்பியை ஒட்டாமல் சும்மா மாட்டிப் பார்த்தார்கள். தடிமனாக, பல்லின் மேடு பள்ளமெல்லாம் அப்படியே இருந்தது. காளிச்சாமி கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் ஒரு மணியைக் கையில் கொடுத்தார்.

"களத்துக்கு."

"சபாஷ்." அடுத்தது.

காளிச்சாமி கடித்தார். யோசித்தார். "இதுவும் களம்... இல்லீங்க, சித்த இருங்க. அரை நாளா? தெரியலீங்க சாமி." நெற்றியில் வேர்த்துவிட்டது.

இதுவும் ஏமாற்றிவிட்டதோ என்று வள்ளியாத்தாள் புடவைத் தலைப்பைக் கசக்கினாள். அமிர்தநாதன் மைத்தாள் ஒன்றை மேல், கீழ்ப் பற்களுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னார். தொப்பியின் ஒரு மூலையில் மட்டும் கறுப்பு ஒட்டியது. "ஒரு பொட்டு ஒசரமுங்க. மேல் பல்லு மொதல்ல அங்க இடிக்குது. நெல்லு மேல பாரம் சரியா எறங்கலே." உள்ளே கொண்டுபோய் ராவி, மினுக்கி எடுத்து வந்தார். மறுபடி பார்த்தார்கள். மறுபடி ராவினார். அவருக்கும் அலுக்கவில்லை, டாக்டருக்கும் அவசரமில்லை. வெளியே காத்திருந்தவர்கள்கூட வேடிக்கை பார்க்க வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"இப்போ கடியுங்கோ."

நறுக்.

காளிச்சாமியின் முகம் மலர்ந்தது. அந்தச் சத்தம் காதுக்கு முன்னால் எலும்புக்குக் கேட்டது. "ஏத்துங்க!" என்றார். அடுத்த மணி. "இது அரை நாளு." அடுத்தது. "களத்துக்கு." டாக்டர் முடிச்சுகளை எப்படி எப்படியோ மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசியில் டாக்டரே முடிச்சுக்கு ஒன்றாக மூன்றையும் தன் வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு மூணும் நெல்லாக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம்தான் தொப்பியைப் பல்லோடு சேர்த்து ஒட்டினார்.

காளிச்சாமி மில்லுக்குத் திரும்பியபோது ஐப்பசி பிறந்திருந்தது. தெற்கே மலையில் மேகம் இறங்கி நின்றது. கடைசிக் கடைசியாக வருகிற வண்டிகள். முதல் மணியைக் கடிக்கும் முன் வழக்கம்போல வேண்டிக்கொண்டார். ஏத்துங்க, ஏத்துங்க, அரை நாள், ஏத்துங்க என்று வாக்கு வரிசையாக வந்தது. முணுமுணுப்பு இல்லை. முற்றம் பழைய முற்றமாகிவிட்டது.

சாயங்காலமாகச் சரஸ்வதியம்மாளின் வண்டி வந்தது. மிச்சமிருந்த நெல் அவ்வளவும் அதில் இருந்தது. அவளைப் பார்த்ததும் காளிச்சாமிக்கு மனம் நிறைந்தது. இன்று இவள் நெல்லைத் தலைமேல் வைத்து ஏற்ற வேண்டும் என்று நினைத்தபடி கையை விட்டார், எடுத்தார், கடித்தார்.

நெல் நசுங்கியது.

இன்னொரு மணியை எடுத்துக் கடித்தார். அதுவும் நசுங்கியது. சந்தேகமே இல்லை. ஈரம்.

தன் மானத்தைக் காத்தவள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வண்டி நெல்தானே, ஏற்றச் சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் இத்தனை பேர் கூடி, கலந்து, உருக்கி, ராவி அந்தப் பல்லை உண்டாக்கியது அது உள்ளதைச் சொல்வதற்குத்தானே? அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"களத்துக்கு, அம்மிணி."

மறுபடியுமா என்று எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

சரஸ்வதியம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். "நேத்து சாரல் அடிச்சுதுங்ணா. தார்ப்பாய் ஒரு மூலைக்கு எட்டலே. ஈரம்னு எனக்கு நல்லாவே தெரியும். உங்களுக்குத் தெரியுதான்னு பாக்கத்தான் ஏத்தியாந்தேன். இனிமே எங்க நெல்லு பொழைச்சுதுங்க!"

முற்றம் முழுக்கச் சிரிப்பு எழுந்தது. காளிச்சாமி நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. வாய் மட்டும் தங்கம் தெரியச் சிரித்தது. அவள் மூட்டையைத் தூக்கக் குனிவதற்குள் அவர் இன்னொரு முனையைப் பிடித்துவிட்டார். இருவருமாகக் களத்துக்குத் தூக்கிப் போய்க் கொட்டினார்கள். மேகம் விலகி விழுந்த கொஞ்ச வெயிலில், காளிச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்து அதைக் கிளறிவிட்டார்.